சிவப்புத் தடிக்கு அந்தப் பக்கம்

கார் நின்ற பிறகு சுதர்சினி அக்கா என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "வலப்பக்கம் என்ன இருந்தது?" என்பதுதான்.

கண்ணாடிக்கு முன்னால் கமலாசனி மாமியின் சோடா மேசை. மேசைக்கும் காருக்கும் இடையில் ஒரு முழம் இருக்கும். மாமியின் கையில் திறந்த போத்தல். நுரை வழிந்து விரல்களில் இறங்குகிறது, அவர் துடைக்காமல் நிற்கிறார். மேசைக்குப் பின்னால் இரண்டு சின்னப் பிள்ளைகள், வாயில் உறிஞ்சுகுழலோடு.

"யது, உன்னட்டத்தான் கேக்கிறன். வலப்பக்கம் என்ன இருந்தது?"

"ஒண்டும் இல்லை அக்கா."

"ஒண்டுமே இல்லையோ?"

"வெறுங் குளம்."

அவர் தலைக்கவசத்தைக் கழற்றவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த இரண்டு கைகளையும் வேறு யாருடையவோ போலப் பார்த்துக்கொண்டிருந்தார். தூசி எங்களைத் தாண்டிப் போய்க் குளக்கட்டில் ஏறியது. அதற்குள்ளிருந்து, ஓட்டம் பார்க்க வந்திருந்த எங்களூர் நிருஷன் ஓடி வந்தான்.

"அக்கா, சோடா வேணுமெண்டால் கேட்டு வாங்கலாம்தானே. காரோடயே வாறது?"

யாரோ சிரித்தார்கள். பிள்ளைகளில் ஒன்று அப்போதுதான் அழத் தொடங்கியது.

ஒவ்வொரு வருடமும் புரட்டாதியில், மழைக்கு முன்னால், தர்மபுரத்துக்குப் பின்னால் இருக்கும் அந்தச் சிறு குளம் அடிவரை காய்ந்துவிடும். கராஜ் வைத்திருக்கும் கதிர்காமநாதன் அண்ணை அதில் பாதை கீறி மண்ணோட்டம் நடத்துவார். ஒரு நேரத்தில் ஒரு கார். மூன்று சுற்று. குறைந்த நேரத்தில் முடிப்பவருக்கு ஒரு கிண்ணம். நான் அவருடைய கராஜில் உதிரிப்பாக மேசையில் நிற்கிறவன். அதிகம் கதைக்கமாட்டேன் என்பதால் சுதர்சினி அக்கா தன் பக்கத்துச் சீட்டில் என்னை ஏற்றிக்கொண்டார். என் வேலை வளைவுகளைச் சொல்வது. "இடது, சின்னது." "வலது, பெரிசு, பள்ளம்." அவ்வளவுதான்.

அன்று மூன்றாவது வளைவில் ஒரு மாட்டுக்கன்று குறுக்கே வந்தது. வலப்பக்கம் அரை மைலுக்கு வெடித்த சேற்று நிலம், ஒரு புல்கூட இல்லை. இடப்பக்கம் குளக்கட்டின் அடி, சனம், சோடா மேசை. யாராக இருந்தாலும் வலப்பக்கம் திருப்பியிருப்பார்கள். அக்கா இடப்பக்கம் திருப்பினார்.

ஏனென்று எனக்குத் தெரிந்திருந்தது. பக்கத்தில் இருந்தவன் நான். எங்களுக்கும் அந்த வெறும் நிலத்துக்கும் நடுவில் ஆறு தடிகள் நடப்பட்டிருந்தன. தலையில் ஒரு சாண் சிவப்பு. போன வருடம்வரை மண் நிரப்பிய உரப்பைகள்தான் எல்லை. இந்த முறை கதிர் அண்ணை, தூசிக்குள்ளும் தெரியட்டும் என்று தடி வெட்டி, கராஜில் மிஞ்சியிருந்த சிவப்புப் பெயின்ரை அடித்துவிட்டார்.

சுதர்சினி அக்கா பன்னிரண்டு வருடமாக மிதிவெடி எடுக்கும் வேலை செய்கிறவர்.

அந்த வேலையைப் பற்றி அவர் சொன்னது கொஞ்சம். காலை ஆறரைக்குக் கனத்த அங்கியும் முகக்கவசமும் போட்டுக்கொண்டு, ஒரு மீற்றர் அகலப் பாதையில் முழங்காலில் இருக்க வேண்டும். மண்ணை வாரியால் மெல்ல மெல்ல இழுக்க வேண்டும். மத்தியானம் வரைக்கும் செய்தால் ஒரு பாய் விரிக்கிற அளவு நிலம் முடியும். பார்த்து முடித்த பக்கத்துக்கு வெள்ளைத் தடி. பார்க்காத பக்கத்துக்குச் சிவப்புத் தடி. சிவப்புக்கு அந்தப் பக்கம் காலும் போகக்கூடாது, கையும் போகக்கூடாது, கையிலிருந்து விழுந்த தண்ணீர்ப் போத்தலை எடுக்கவும் போகக்கூடாது.

சந்தியில் தண்ணீர்க் குழாய்க்குக் கிடங்கு வெட்டிச் சிவப்புத் தடி நட்டிருந்த கிழமை, ஊர் முழுக்கத் தாண்டிப் போனது. அவர் மட்டும் கடைகளுக்குப் பின்னால் சுற்றி வந்தார். "என்ன பிள்ளை, ஊர்வலமோ?" என்று கேட்டவர்களுக்குச் சிரித்துவிட்டுப் போவார்.

மூன்று வருடத்துக்கு முன்னால் அந்தச் சம்பளச் சிட்டையைக் காட்டித்தான் லீசிங்கில் இந்தச் சின்னக் காரை எடுத்தார். இன்னும் இரண்டு வருடம் கட்ட வேண்டியிருந்தது. எடுத்ததே ஓட்டத்துக்குத்தான். அதற்காக ஸ்பிரிங்கை இறுக்கியதில், அவருடைய அம்மா வடிவம்மா, அதில் ஏறினால் இடுப்பு வலிக்கிறதென்று ஆஸ்பத்திரிக்குப் பஸ்ஸில்தான் போவார். லீசிங் பத்திரத்தில் ஓட்டப்பந்தயத்துக்குப் பாவிக்கக்கூடாது என்று ஒரு வரி இருந்தது. அக்கா அதை எனக்கு ஒரு தரம் வாசித்துக் காட்டிவிட்டு மடித்து வைத்தார்.

"ஏனக்கா இந்தக் கரைச்சல்?" என்று கேட்டேன்.

"ஒரு நாளைக்கு ஒரு பாய் அளவு போறவளடா நான். ஒரு நிமிசத்தில ஒரு கிலோமீற்றர் போய்ப் பாக்கவேணும் போல இருக்காதோ?"

கன்று வந்த அன்று பின்னேரம் அவரை வீட்டில் விடப் போனேன். அன்று கார் ஓட மாட்டேன் என்று என்னிடம் சாவியைத் தந்திருந்தார். செய்தி எங்களுக்கு முன்னரே போய்ச் சேர்ந்திருந்தது. வடிவம்மா வாசலில் நின்றார். மலையகத்திலிருந்து வந்து நாற்பது வருடமாகியும் அவருடைய பேச்சு அங்கேதான் இருக்கிறது.

"புள்ளைங்க மேல ஏத்தப் பாத்தியாமே?"

"ஏத்தேல்லயம்மா."

"ஏத்தியிருந்தா? குடுத்துரு புள்ள, அந்தக் காரக் குடுத்துரு. நீ காட்டுக்குள்ள போறப்பவே ஒரு மணி வரைக்கும் எனக்குத் தொண்டையில தண்ணி எறங்குறதில்ல. ஞாயித்துக்கெழமையும் அப்புடியே இருக்கணுமா நானு?"

அக்கா செருப்பைக் கழற்றினார். முகம் கழுவப் போனவர் நெடுநேரம் கழுவினார். திரும்பி வந்து என்னிடம் மட்டும் சொன்னார்: "எனக்கு வேகம் பயமில்லை யது. இந்தக் கைதான் பயமாக் கிடக்கு. என்னைக் கேக்காமல் திருப்பிட்டுது."

மறுநாள் கராஜில் கதிர் அண்ணை ஒரு வழி சொன்னார். அவருக்கு எல்லாமே திருத்தக்கூடிய பொருள்.

"உது கைப்பழக்கம் பிள்ளை. ஒரு பத்துத்தரம் அந்தத் தடியைத் தாண்டி ஓடிப் பார். பதினோராந்தரம் கை தானாப் போகும்."

"தடிக்கு வெள்ளை அடிச்சால் என்ன அண்ணை?" என்றேன். நான் வாய் திறந்ததே அவருக்குப் புதினம்.

"இஞ்ச அடிக்கலாம். வேற ஊர் ஓட்டத்துக்குப் போனால் ஆர் அடிக்கிறது, நீயோ?"

அக்கா தலையாட்டினார். "நிறத்தை மாத்தினாலும் கை மாறாது. சரியண்ணை. மழைக்கு முதல் இன்னும் ஒரு ஓட்டம் கிடக்கெல்லோ. தாண்டப் பழகினனெண்டால் காரை வச்சிருப்பன். ஏலாட்டி விட்டிடுவன். பிள்ளையள் நிக்கிற பக்கம் திரும்புற கையோட இனி ஓட மாட்டன்."

அடுத்த ஞாயிறு காலை மூவரும் குளத்துக்குப் போனோம். தூரத்தில் பெடியள் கிரிக்கெட் விளையாடிக்கொண்டிருந்தார்கள். பந்து எங்கெல்லாமோ போனது, அவர்கள் எங்கெல்லாமோ ஓடினார்கள். அந்த நிலத்தில் எதுவும் இல்லை என்பதற்கு அதைவிட என்ன சாட்சி வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் சீட்டில் ஏறினேன்.

முதல் மூன்று தரமும் தடிக்கு முன்னால் பிரேக் பிடித்தார். மூன்றாவது தரம் என் நெற்றி முன்னால் போய் இடித்தது.

"மன்னிச்சுக்கொள்ளடா."

"பரவாயில்லை அக்கா."

நான்காவது தரம் கார் போனது. தடி பம்பருக்குக் கீழே "டக்" என்று முறிந்தது. உடனே நிறுத்திவிட்டார். இரண்டு பேரும் மூச்சு விடவில்லை. வேறொரு சத்தத்துக்காகக் காத்திருந்தோம். அது வரவில்லை. பெடியளில் ஒருவன் "அவுட்!" என்று கத்தினான். அக்கா சிரிக்கத் தொடங்கினார். கண்ணீர் வருமட்டும் சிரித்தார்.

அதன் பிறகு சுகமாயிற்று. ஆறாவது தரம் தடிக்கு மேலேயே கியர் மாற்றினார். எட்டாவது தரம், பின் ரயரில் காத்துக் குறைவு போல, பார்க்க வேணும் என்று சொல்லிக்கொண்டே தாண்டினார். பத்தாவது தரம் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தார். குளக்கட்டில் நின்ற கதிர் அண்ணை கை தட்டினார்.

"பாத்தியே? நான் சொன்னனான்! வாற ஞாயிறு கிண்ணம் எங்களுக்குத்தான்."

நெடுங்கேணி வீதியில் யாரோ ஒருவருடைய டிராக்டர் நின்றுவிட்டதென்று அவருக்கு அழைப்பு வந்தது. முறிந்த தடிகளை எடுத்துப் புதிது நட்டுவிட்டு வரச் சொல்லிவிட்டுப் போனார்.

அக்கா முன்னால் நடந்தார், கையில் நாலைந்து தடி. நான் சுத்தியலோடு பின்னால். அவர் அடுத்த ஓட்டத்தைப் பற்றிக் கதைத்துக்கொண்டு போனார். இரண்டாவது வளைவில் நேரத்தை எப்படி மிச்சம் பிடிக்கலாம், என் குரல் இன்னும் கொஞ்சம் உரக்க வேண்டும், அப்படி. முறியாமல் நின்ற ஒரு தடி வழியில் இருந்தது. கதைத்தபடியே அதைத் தாண்டிக் காலை வைத்தார். இன்னுமொரு எட்டும் வைத்தார்.

பிறகு நின்றார்.

கையிலிருந்த தடிகள் விழவில்லை. அவற்றை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு மற்றக் கையைத் தலைக்கு மேலே உயர்த்தினார்.

"நில்! யது, அசையாத!"

எனக்குத் தெரிந்திராத குரல். காட்டுக்குள் பாவிக்கும் குரலாக இருக்க வேண்டும். நான் நின்றேன். ஒரு கால் முன்னாலும் ஒரு கால் பின்னாலுமாக, சுத்தியலைக் கீழே போடவும் பயந்து நின்றேன். பத்து நிமிடத்துக்கு முன்னால் அந்த இடத்தில்தான் கார் ஓடியது. பெடியளின் பந்து அவருக்கு அந்தப் பக்கமாக உருண்டு போய்க்கொண்டிருந்தது. எல்லாம் தெரியும். ஆனாலும் என் காலுக்குக் கீழே நிலம் ஏதோ நினைத்துக்கொண்டிருப்பது போல இருந்தது.

அக்கா தலையை மட்டும் திருப்பித் தன் பின்னால் பார்த்தார். தூசியில் அவருடைய செருப்பின் அடையாளம் இரண்டு இருந்தன. அவற்றைப் பார்த்துக்கொண்டே ஒரு காலைத் தூக்கிப் பின்னால் கொண்டுவந்து, சரியாக அந்த அடையாளத்துக்குள் வைத்தார். பிறகு மற்றது. தடிக்கு இந்தப் பக்கம் வந்து சேர்ந்ததும் குந்தி இருந்துவிட்டார். முதுகுச் சட்டை முழுக்க நனைந்திருந்தது.

கிட்டப் போகலாமா என்று தெரியாமல் நின்றேன்.

"வா, இஞ்சால ஒண்டும் இல்லை," என்றார். பிறகு, "அங்காலையும் ஒண்டும் இல்லை. அதுதான் பயமாக் கிடக்கு."

"என்னக்கா?"

"கைக்கெண்டுதான் சொல்லிக் குடுத்தனான். காலும் கேட்டுக்கொண்டு இருந்திருக்குது. தாண்டினது எனக்குத் தெரியேல்லயடா. கதைச்சுக்கொண்டு தாண்டினனான்."

நான் அவருடைய காலைப் பார்த்தேன். சாதாரணக் கால். விரல்களில் புழுதி.

"நாளைக்குத் திங்கள், யது."

அது போதுமாக இருந்தது. ஆறரை மணி, முழங்கால், இரண்டு பக்கமும் தடிகள். அவர் தடிகளை ஒவ்வொன்றாகக் கீழே அடுக்கினார்.

"இந்தக் காருக்குக் காசு கட்டுறது அந்த வேலை. அந்த வேலைக்கு வேண்டிய பயத்தை இந்தக் கார் எடுத்துப்போடுது. ரெண்டையும் வச்சிருக்க ஏலாது."

"வேலையை விட்டால்…" என்று தொடங்கினேன். கதிர் அண்ணை சொல்லியிருக்கக்கூடியதைத்தான் நான் சொல்லப் பார்த்தேன்.

"விட்டால் ஆர் கட்டுறது, நீயோ?" என்று சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. "இப்ப வெடி எடுக்கிற காணியை மாரிக்கு முதல் குடுக்கிறமெண்டு சொல்லிப்போட்டம். சனம் சேத்து வச்ச விதைநெல்லோட நிக்குது. ஒரு கரையிலயிருந்து தொடங்கினது நான்தான். மற்றக் கரைக்கும் நான்தான் போகவேணும்."

திரும்பி வரும்போது காரை அவரே ஓட்டினார். மிக மெதுவாக. சைக்கிள்கள் எங்களை முந்திப் போயின.

திங்கள் காலை அவர் காட்டுக்குப் போனார், ஆனால் பாதைக்குள் இறங்கவில்லை. மேற்பார்வையாளரிடம் உள்ளதை உள்ளபடி சொல்லியிருக்கிறார். அந்த ஆள் ஏசவில்லையாம். பொய் வெடிகள் புதைத்த பயிற்சி நிலத்தில் முதல் நாள் வேலைக்காரியைப் போல மறுபடி தொடங்கச் சொல்லி அனுப்பினாராம்.

அன்று பின்னேரமே நிருஷன் அக்காவோடு கராஜுக்கு வந்தான். காரைத் தன் பேருக்கு மாற்றி எழுத லீசிங்காரரோடு கதைத்தாயிற்று என்றான். அவன் நெல் வெட்டும் மெசின் ஓட்டுகிறவன், கையில் வேலை இருந்தது.

"கட்ட ஏலாமப் போச்சுப் போல, பாவம்," என்றான் அவன், என்னிடம் மட்டும் கேட்கும்படி. அக்கா சாவியைக் கொடுக்கும்போது அவன் பகிடி ஒன்றும் விடவில்லை. அவர் காரைச் சுற்றி ஒரு தரம் நடந்தார். முன் பம்பரில் சிவப்புப் பெயின்ர் ஒட்டியிருந்த இடத்தை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். போகவில்லை. விட்டுவிட்டார்.

"ரெண்டாவது வளைவில காலை எடுக்காத," என்று அவனுக்குச் சொன்னார். "வலப்பக்கம் திருப்பலாம். அங்க ஒண்டும் இல்லை."

கார் போன சந்தோசத்தில் வடிவம்மா வீட்டில் பால்சோறு ஆக்கினார். அக்கா அதில் கை வைக்கவில்லையாம்.

கடைசி ஓட்டம் அந்த வருடம் நடக்கவே இல்லை. புதன்கிழமையே வானம் இருண்டு வந்தது. குளத்துக்குத் தண்ணீர் வருவதற்குள் தடிகளைப் பிடுங்கிக் கொண்டு வரச் சொல்லிக் கதிர் அண்ணை என்னை அனுப்பினார். பெடியள் இல்லை. கன்றுகள் இல்லை. காற்று மட்டும் புழுதியைக் கிளப்பித் திரும்பவும் அதே இடத்தில் போட்டது. ஒன்பதரை மணிக்கு, அக்காவின் வேலையிடத்துத் தேநீர் இடைவேளையில், போன் அடித்தது.

"யது."

"சொல்லுங்கோ அக்கா."

"இண்டைக்குச் சிவப்புத் தடிக்குக் கிட்டப் போனனான். பயிற்சி நிலந்தான், ஆனாலும்…" மூச்சு வாங்கியது. "கால் நடுங்கினது. ரெண்டு காலும். நிப்பாட்ட ஏலாமல் நடுங்கினது."

"நல்லது அக்கா," என்றேன்.

"ஓம். நல்லதுதான். வைக்கிறன், கூப்பிடுகினம்."

முதல் துளி கழுத்தில் விழுந்தது. இன்னும் ஆறு தடிகள் நின்றன, மூன்றாவது வளைவில். நான் ஒவ்வொன்றையும் பிடுங்கினேன். எல்லாவற்றையும் இந்தப் பக்கம் நின்றே பிடுங்கினேன்.