காய்ச்சல் படத்தில் ஒரு நெட்டைக் கோடு

மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்த மறு ஆண்டு எங்கள் ஊர் காஜா பேராங்கில் டைபாய்டு பரவியது. நான் சுகாதார அலுவலகம் ஒன்றில் சின்னக் கிராணி, அதாவது இளநிலை எழுத்தர். எந்தச் சந்தில் எத்தனை பேர் படுத்திருக்கிறார்கள் என்று டாக்டருக்குச் சந்துக்கு ஒரு கோடாகப் படம் வரைந்து கொடுக்கும் வேலை என்னிடம் வந்தது.

வரைந்தேன். நான் குடியிருந்த சந்தின் கோடு தாளின் உச்சியை முட்டியது. மற்ற சந்துகள் தரையோடு தரையாகக் கிடந்தன. எட்டுக்கும் இரண்டுக்கும் வித்தியாசமே தெரியவில்லை.

பெரிய கிராணி எட்டிப் பார்த்தார். "அந்த நெட்டைக் கோட்டப் பாதியில வெட்டிரு. மத்தது தெரியட்டும்."

எனக்குச் சுருக்கென்றது. எங்கள் சந்து முனையில் ஐஸ் தண்ணீர்க் கடை வைத்திருந்தவர் அவருடைய மச்சான். கடைக்குக் கெட்ட பெயர் வராமல் மறைக்கப் பார்க்கிறார் என்று முடிவே கட்டிவிட்டேன். வெட்டவில்லை. வேறொரு தாளில் ஒன்று, இரண்டு, நான்கு, எட்டு என்று ஒவ்வொரு படியும் முந்தியதைப் போல இரு மடங்காக, சம இடைவெளியில் குறித்து வரைந்தேன். குட்டைக் கோடுகள் எழுந்து நின்றன.

அவர் அந்தத் தாளை வெகுநேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"உன் வீடு எந்தச் சந்தும்மா?"

சொன்னேன்.

"அதான் உன் சந்து மட்டும் இப்படிக் குட்டையாயிருச்சா?"

முகம் எரிந்தது. "படியப் பாருங்க ஐயா. மறைக்கணும்னா வெட்டியிருப்பேனே."

"வெட்டச் சொன்னது நான்தான். அப்ப நான் மறைக்கச் சொன்னேங்கிறியா?" என்றார்.

அவர் அடிக்கோல் வைத்து ஒவ்வொரு கோடாக அளந்தார். நான் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் இரண்டு தாள்களையும் பக்கம் பக்கமாக வைத்து, ஒவ்வொரு கோட்டின் தலையிலும் எண்ணிக்கையை எழுதச் சொன்னார்.

எழுதும்போதுதான் கண்ணில் பட்டது. இரண்டாம் தாளில் எழுந்து நின்ற சந்துகள் எல்லாம் ஒரே பொதுக் கிணற்றைச் சுற்றியிருந்தன. எங்கள் சந்துக்கோ குழாய் உண்டு; அந்தக் கிணற்றுக்கு யாரும் போவதில்லை. அந்தத் தண்ணீர் எங்களிடம் வர வழி முனையிலிருந்த கடை ஒன்றுதான்.

"உங்க மச்சான் கடைக்குத் தண்ணி எங்கேருந்து வருது?" என்று கேட்டுவிட்டேன். கேட்டபிறகு பயமாக இருந்தது.

அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு நேரே கடைக்குப் போனார். மாலைக்குள் கடை மூடியிருந்தது. கிணற்றின்மேல் பலகை அடித்திருந்தார்கள். குழாயில் மெல்லியதாக வந்த தண்ணீர் கடைக்குப் போதாததால், கிணற்றுத் தண்ணீரைத்தான் பீப்பாயில் கொண்டுபோயிருக்கிறார்கள். மச்சானும் அவரும் அதன்பின் முகம் கொடுத்துப் பேசிக்கொள்ளவில்லை என்று கேள்வி.

காய்ச்சல் அடங்க மேலும் பல வாரங்கள் பிடித்தன. அவரை நான் என்னவென்று நினைத்திருந்தேன் என்பதை அவரிடம் சொல்லவே இல்லை. அவருக்குத் தெரிந்திருக்கும் என்றுதான் படுகிறது.