எல்லாத்துக்கும் 'நோ' போடுங்க

போன செவ்வாய்க்கிழமை பாடசாலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த நேரத்தில் மெல்பேர்னிலிருந்து மகள் அழைத்தாள். வீடியோ இல்லை, வெறும் குரல்தான். அழுத முகத்தைக் காட்ட விரும்பாத நாட்களில் அவள் அப்படித்தான் அழைப்பாள்.

"அம்மா, இட்லிச் சட்டிக்குள்ள மண்ணு வெச்சது யாரு?"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. எந்த மண்? எந்த இட்லிச் சட்டி?

"மஞ்சத் துணியில முடிஞ்ச மண்ணும்மா. பக்கத்துல ஒரு பொட்டலம் விதை. இங்க சுங்கத்துல பெட்டியெல்லாம் தொறந்து பாத்துட்டாங்க. ஆபீசர் போன்ல கோல் எடுத்து, பெட்டிய நீங்களேதான் அடுக்கினீங்களான்னு கேட்டாரு. ஆமான்னு சொல்லிட்டேன்."

"ஏன்டி அப்படிச் சொன்ன?"

"சுங்கப் போம்ல அப்படித்தானேம்மா இருக்கு? அதுலதானே கையெழுத்துப் போட்டேன்."

நான் சேலை மடிப்பைக் கையில் பிடித்தபடி கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். அன்றைக்குப் பாடசாலைக்குப் போகவில்லை. இதை எழுதும்போதும் கோபம் ஆறவில்லை. ஆகவே இந்த வாரப் பத்தி கொஞ்சம் சூடாகத்தான் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

மகள் சுகன்யாவும் மருமகனும் அவுஸ்திரேலியாவுக்குக் குடிபோன கதையை இந்தப் பக்கத்தில் முன்பே எழுதியிருக்கிறேன். அவர்கள் விமானத்தில் போனார்கள். வீட்டுச் சாமான்கள் கப்பலில். தையல் மெஷின், பாத்திரங்கள், போர்வைகள், புத்தகங்கள்... புதிதாக எல்லாம் வாங்க அங்கே யாரால் முடியும்? பாவித்த வீட்டுப் பொருள் என்றால் வரி இல்லை என்றார்கள். சரி, அனுப்புவோம் என்று முடிவு செய்தோம்.

வரி இல்லைதான். ஆனால் கேள்வி உண்டு. மண் ஒட்டிய பொருள் இருக்கிறதா? விதை, செடி, காய்ந்த இலை? மரச் சாமான்? உணவு? பெட்டிகளை அடுக்கியது யார்? இதற்கெல்லாம் பதில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

இந்தக் கேள்விகள்மீது எனக்குக் கோபம் இல்லை. எங்கிருந்தோ வந்த ஒரு நோய் ஒரு மலையில் பிடித்தால் அடுத்த மலைக்கு எவ்வளவு வேகமாகத் தாவும் என்பது தேயிலைக்கு நடுவே வாழும் நமக்கா தெரியாது? ஒரு பிடி மண்ணில் என்னென்ன ஒட்டிக்கொண்டு வரும் என்று அவர்கள் பயப்படுகிறார்கள். நியாயமான பயம்.

என் கோபம் வேறு இடத்தில்.

ஹட்டன் டவுனில், ஒரு துணிக்கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது, சாமான்களைக் கப்பலில் அனுப்பிய அந்த ஏஜென்சி. பெயர் வேண்டாம். நானும் சுகன்யாவும் போனபோது அந்த ஏஜென்ட் தேநீர் வரவழைத்துக் கொடுத்தார். நல்ல பேச்சு. "நம்ம புள்ளைங்க வெளிய போறது நமக்குத்தானேங்க பெருமை" என்றார். எனக்குக் கூடக் கண் கலங்கியது... அப்படி ஒரு பேச்சு.

பிறகு படிவத்தை எடுத்தார். சுகன்யா ஒவ்வொரு கேள்வியாக வாசிக்கத் தொடங்கினாள். அவர் மெதுவாக அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"ஏன் தங்கச்சி மெனக்கெடுறீங்க? எல்லாத்துக்கும் 'நோ' போடுங்க. ஒரு 'யெஸ்' போட்டா பெட்டியத் தொறப்பான். தொறந்தா லேட்டு. லேட்டானா காசு. நம்ம ஆளுங்க எல்லாரும் இப்படித்தான் போடுறாங்க."

"பெட்டி இன்னும் அடுக்கியே முடியலையேங்க?" என்று கேட்டாள்.

"அதுக்கென்ன? நீங்கதானே அடுக்கப் போறீங்க. அடுக்கியாச்சுன்னு போடுங்க."

அவரே வரிசையாக டிக் போட்டார். பிள்ளை கையெழுத்துப் போட்டாள். இருபது வருடமாகப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும் நான் பக்கத்தில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன்.

சரி, மண் எப்படி வந்தது?

வெளிநாடு போகிற வீட்டுக்கு நம்முடைய ஆட்கள் எப்படி வருவார்கள் என்று உங்களுக்குத் தெரியும். வெறுங்கையோடு வரமாட்டார்கள். கொண்டுவந்ததை நம் கையில் கொடுத்துவிட்டும் போகமாட்டார்கள். பெட்டி எங்கே என்று கேட்டு, தன் கையாலேயே உள்ளே வைக்க வேண்டும். அப்போதுதான் கொடுத்ததாகக் கணக்கு. சுகன்யா புறப்பட்டுப் போய் இரண்டு வாரம் கழித்துத்தான் லொறி வந்தது. அந்த இரண்டு வாரமும் பெட்டிகள் எங்கள் முன்னறையில் வாயைத் திறந்துகொண்டு கிடந்தன. தோட்டத்து லயத்து வீடுகளிலிருந்து வந்தவர்கள், ஊரிலிருந்து வந்தவர்கள், கோயில் கமிட்டிக்காரர்கள்... யார் எதை வைத்தார்கள் என்று யார் பார்த்தது? நான் வந்தவர்களுக்கு அடுப்படியில் பிளேன்டீ ஊற்றிக்கொண்டிருந்தேன்.

ஈர்க்கு விளக்குமாறு கூட ஒன்று போயிருக்கிறது. பாவித்தது. வாசலைக் கூட்டிய தூசியோடு. அந்த நாட்டு அதிகாரி கையுறை போட்டுக்கொண்டு என் வீட்டு விளக்குமாற்றைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்து மகளுக்கு அனுப்பியிருக்கிறார்.

மஞ்சள் துணி என்றதும் எனக்குப் பொறி தட்டியது. என் நாத்தனார் ராஜி. பூண்டுலோயாவில் தோட்டத்தில் இருக்கிறாள். அவளுக்குப் போன் போட்டேன்.

"ராஜி, இட்லிச் சட்டிக்குள்ள மண்ணு வெச்சியா?"

"ஆமா அண்ணி. மாரியம்மன் கோயில் பிடிமண்ணு. பூசாரிகிட்ட சொல்லி எடுத்தேன். புள்ள புது எடத்துக்குப் போறாள்ல? அவரை வெதையும் வெச்சேனே, கெடைச்சிச்சா?"

"கெடைச்சிச்சு. சுங்கத்துக்காரங்களுக்குக் கெடைச்சிச்சு. ஏன்டி, ஒரு வார்த்தை சொல்ல வேண்டாமா?"

"சொன்னா வேணாம்பீங்க."

"வேணாம்னுதான் சொல்லியிருப்பேன். அங்க மண்ணு கொண்டு போனா குத்தம்."

"நான் சாமியத்தானே வெச்சேன் அண்ணி? கஞ்சாவையா வெச்சேன்?"

அவளிடம் என்ன சொல்வது? மலையகத்தில் உள்ள எத்தனையோ மாரியம்மன்கள் பிடிமண்ணாகத்தானே கடல் தாண்டி வந்தார்கள்? ஊரை விட்டுப் போகிறவளோடு சாமியையும் அனுப்ப வேண்டும் என்பது அவளுக்குத் தெரிந்த நியாயம். அவள்மீது கத்தினேன், ஆனால் கத்தும்போதே அது தவறான விலாசம் என்று தெரிந்தது.

சுகன்யாவின் சிக்கலைப் பாருங்கள். பெட்டியை நான்தான் அடுக்கினேன் என்று அவள் நின்றால், மண்ணையும் விதையையும் ஒளித்து வைத்தவள் அவளே என்றாகிறது. நான் அடுக்கவில்லை என்றால், கையெழுத்திட்டது பொய், போனில் சொன்னதும் பொய். அடுத்த வருடம் நிரந்தர வதிவிடத்துக்கு விண்ணப்பிக்க இருக்கிற பிள்ளை. 'பொய்த் தகவல் கொடுத்தவர்' என்று ஒரு வரி அவள் பெயருக்குப் பக்கத்தில் ஏறிவிட்டால்? இரண்டு நாளைக்குள் எழுத்தில் விளக்கம் தரச் சொல்லியிருந்தார்கள்.

அன்று மாலை என் வீட்டுக்காரர் தோட்டத்து ஆபீசிலிருந்து வந்ததும் விஷயத்தைச் சொன்னேன். அவர் கிளாக்கர். வாழ்நாள் முழுக்கக் காகிதத்தோடு புழங்கியவர். சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் மகளுக்குப் போன் போட்டார்.

"பாப்பா, கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. எனக்குத் தெரியாதுன்னு ஒரு வரி எழுது. மேல ஒரு வார்த்தை எழுதிறாத."

நானும் போனுக்குப் பக்கத்தில் போய், "அப்பா சொல்றதக் கேளு" என்றேன்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கிறேன்.

அதிகாரி முன்னால் குறைவாகப் பேசு. இது எங்கள் வீட்டு யோசனை மட்டுமா? நம் எல்லார் வீட்டிலும் இதுதானே பாடம்? பறிபோன பிரஜாவுரிமையைத் திரும்பப் பெற நம் பெரியவர்கள் ஏறியது எத்தனை கந்தோர், எத்தனை அதிகாரி மேசை, எத்தனை தடவை "நாளைக்கு வா". பிறந்த பதிவு இல்லை, அப்பா பெயர் சரியில்லை, தோட்டத்தின் கடிதம் போதாது... ஒரு வார்த்தை கூடுதலாகச் சொன்னால் இன்னொரு கடுதாசி கேட்பான். அதனால் வாயை மூடக் கற்றுக்கொண்டோம். அது கோழைத்தனம் இல்லை. பிழைக்கும் வழி. அந்தக் காலத்துக்கு அது சரியாகவும் இருந்திருக்கலாம்.

அந்தப் பயத்தைத்தான் அந்த ஏஜென்ட் விற்கிறார். "எல்லாத்துக்கும் நோ போடுங்க" என்று அவர் சொல்லியிருந்தால், யாழ்ப்பாணத்துக்காரரோ கொழும்புக்காரரோ ஏன் என்று ஒரு கேள்வியாவது கேட்டிருப்பார். நாங்கள் கேட்கவில்லை. எங்களுக்கு அது ஆறுதலாக இருந்தது. கேள்வியே இல்லாமல் ஒரு கந்தோரைத் தாண்டுவதைவிட நமக்கு வேறென்ன வரம் வேண்டும்?

ஆனால் அந்த நாட்டின் விதி நேர் எதிர். இருக்கிறது என்று எழுதினால் எடுத்துப் பார்ப்பார்கள். ஆகாததென்றால் மருந்தடிப்பார்கள், இல்லையென்றால் அழிப்பார்கள். அதோடு முடிந்தது. இல்லை என்று எழுதிவிட்டு, உள்ளே பொருள் இருந்தால்தான் குற்றம். இது படிவத்தின் முதல் பக்கத்திலேயே அச்சாகியிருக்கிறது. சுகன்யா அனுப்பிய படத்தைப் பெரிதாக்கி வாசித்தேன். தெளிவான, எளிய ஆங்கிலம். ஏஜென்ட் தன் பக்கம் இழுத்துக்கொண்டாரே... அந்தப் பக்கம்தான்.

அப்பா சொன்னதைச் சுகன்யா முழுதாகக் கேட்டாள். பிறகு சொன்னாள்:

"இல்லப்பா. நான் எல்லாத்தையும் எழுதப் போறேன்."

"எழுதி மாட்டிக்கப் போறியா?"

"மாட்டியாச்சுப்பா. இனி பொய்யோட மாட்டணுமா, உண்மையோட மாட்டணுமான்னுதான் கேள்வி."

என் வீட்டுக்காரர் போனை என்னிடம் கொடுத்துவிட்டு வெளியே போய்விட்டார். நான், "யோசிச்சு செய்டி" என்றேன். வேறு என்ன சொல்ல? பதினேழு வயதுப் பிள்ளைகளிடம் தைரியமாக இருங்கள் என்று மேடையில் பேசுகிறவள் நான். சொந்தப் பிள்ளை தைரியமாக இருக்கும்போது யோசிக்கச் சொல்கிறேன்.

அவள் எழுதினாள். படிவத்தை நிரப்பியது ஏஜென்ட், வாசிக்காமல் கையெழுத்திட்டது நான், பெட்டிகள் என் அம்மா வீட்டில் திறந்து கிடந்தன, எங்கள் வழக்கப்படி வந்தவர்கள் தங்கள் கையால் பொருள் வைத்தார்கள், போனில் நான் சொன்னது சரியல்ல, பயத்தில் சொன்னேன் என்று. பிடிமண் என்றால் என்ன என்பதற்கு மட்டும் ஒரு முழுப் பந்தி. ராஜி அத்தையின் பெயர் வேண்டாம் என்றேன். அதில் மட்டும் என் பேச்சைக் கேட்டாள்.

பிறகு காத்திருப்பு. வகுப்பில் ஒரு பிள்ளை கேட்ட கேள்விக்கு வேறு கேள்வியின் பதிலைச் சொன்னேன். சோற்றுப் பானையைக் கருக்கினேன். அலுவலக வேலையில் ஒரு எழுத்தும் பிழைவிடாத என் வீட்டுக்காரர் ஒரே சட்டையை இரண்டு நாள் போட்டுக்கொண்டு போனார்.

வெள்ளிக்கிழமை பதில் வந்தது. மண், விதை, விளக்குமாறு அழிக்கப்படும். மற்றவற்றுக்கு மருந்தடித்து ஒப்படைப்பார்கள்; செலவு சுகன்யாவுடையது. அவளுக்கு எச்சரிக்கைக் கடிதம் ஒன்று. விளக்கம் ஏற்றுக்கொள்ளப்பட்டது, மேல் நடவடிக்கை இல்லை என்று அதில் இருந்தது. இந்த எச்சரிக்கை நாளைக்கு வதிவிட விண்ணப்பத்தில் தலைகாட்டுமா? தெரியாது. அவர்களும் சொல்லவில்லை. இன்னும் ஒரு வருடம் அந்த முள் எனக்குள் இருக்கும்.

சனிக்கிழமை முதல் பஸ்ஸில் ஹட்டனுக்குப் போனேன்.

ஏஜென்ட் சிரித்துக்கொண்டே வரவேற்றார். நடந்ததைச் சொன்னேன். சிரிப்பு குறையவில்லை.

"பெட்டி போய்ச் சேர்ந்திரும்ல மேடம்? அப்புறம் என்னங்க? நீங்க மண்ணு வெச்சதுக்கு நான் என்னங்க செய்ய?"

"மண்ணு இருக்கான்னு அவன் கேட்டிருக்கான். அந்தக் கேள்விய என் புள்ள வாசிக்க விடாம இழுத்தது யாரு?"

"அவசரத்துல இருந்தீங்கன்னு நெனச்சேன்."

"நாங்க தேத்தண்ணி குடிச்சிக்கிட்டு இருந்தோம்."

அவர் ஒரு பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினார். மன்னிப்பு? அந்தச் சொல் அந்த மாடியில் கிடையாது போல. எனக்குப் பின்னால் பொகவந்தலாவையிலிருந்து வந்த ஒரு இளம் தம்பதி படிவத்தோடு நின்றார்கள். அவர் அவர்கள் பக்கம் திரும்பினார். "வாங்க தம்பி. ஒண்ணும் யோசிக்காதீங்க..."

அந்தக் குரல். அதே குரல்.

நான் கிளம்பவில்லை. அந்தப் பெண்ணுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். படிவத்தை வாங்கி முதல் கேள்வியிலிருந்து தமிழில் வாசித்துச் சொன்னேன். அவள் முதலில் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். மூன்றாவது கேள்வியில் புருஷனைப் பார்த்தாள்.

"ஏங்க, ஒங்கம்மா கருவாடு வெச்சாங்களே..."

"சும்மா இரு" என்றான் அவன், ஏஜென்டைப் பார்த்தபடி.

"சும்மா இருக்காதீங்க தம்பி. எழுதுங்க" என்றேன்.

ஏஜென்ட் பேனாவை மேசையில் வைத்தார். "மேடம், யாவாரத்தைக் கெடுக்காதீங்க."

"அதுக்குத்தாங்க வந்தேன்."

அடுத்த சனிக்கிழமையும் எனக்கு லீவுதான்.