பூ வாக்கில் வந்த மொழி

வாழப்பாடி பஸ் ஸ்டாண்டில் நின்றிருந்தேன். ராசிபுரத்திலிருந்து வந்த பஸ்ஸின் கண்டக்டர் என்னைப் பார்த்ததும் இறங்கி வந்தான். "சார், பழனிச்சாமி சார் போயிட்டாருங்க. நேத்தே எடுத்துட்டாங்க" என்றான். ராசிபுரத்தில் நாங்கள் நடத்திய கம்ப்யூட்டர் சென்டரில் முதல் பேட்ச் மாணவன் அவன். கம்ப்யூட்டர் படித்தவன் கையில் டிக்கெட் கட்டு. அவன் முன்னால் நின்று அழக்கூட எனக்கு யோக்கியதை இல்லை. அது ஏன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

கணக்கு வாத்தியார் வேலையை விட்டுவிட்டு, எண்பத்தைந்தில், ஒரே ஒரு மெஷினை வைத்து பழனிச்சாமி சார் அந்த சென்டரைத் தொடங்கினார். கோயமுத்தூரில் மூன்று மாதம் 'பேசிக்' என்ற கம்ப்யூட்டர் மொழியைப் படித்திருந்த நான் அவருக்கு உதவி. எந்த மொழியைச் சொல்லித் தருவது என்பதில்தான் எங்களுக்குள் முதல் தகராறு. பேப்பரில் வரும் வேலை விளம்பரங்களை அவர் வெட்டி நோட்டில் ஒட்டி வைத்திருந்தார். பக்கத்துக்குப் பக்கம் 'கோபோல்' என்ற மொழியைத்தான் கேட்டிருந்தார்கள். "வேலை குடுக்கறவன் எதைக் கேக்கறானோ அதைத்தான் சொல்லிக் குடுக்கோணும். நமக்குத் தெரிஞ்சதையே ஒப்பிச்சா படிக்க வர்ற புள்ளைங்க பொழப்பு என்னங்க ஆவறது?" என்பார். எனக்குக் கோபோலில் ஒரு வரி தெரியாது. அதை வைத்தால் சேலத்திலிருந்து வேறு ஆள் வருவார், நான் மூட்டை கட்ட வேண்டியதுதான். அதனால் பேசிக்தான் சுலபம் என்று பெற்றோர்களிடம் ஓதிக்கொண்டே இருந்தேன்.

"நீங்க ரெண்டு பேரும் ரெண்டு சொல்றீங்க. ஆத்தாகிட்டயே பூக் கேட்டுப்போடலாமுங்க" என்றார் ஒரு மாணவியின் தந்தை, வெண்ணந்தூர் நெசவுக்காரர். கிணறு வெட்டவும் பெண் எடுக்கவும் பூ வாக்குக் கேட்பது எங்கள் பக்கத்து வழக்கம். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனியாக இலையில் மடித்து அம்மன் முன்னால் போடுவார்கள். ஒரு குழந்தை எடுப்பதே வாக்கு. சாருக்கு அதில் நம்பிக்கை கிடையாது. பெற்றோர் மனம் நோகக் கூடாதென்று தலையாட்டினார். வெள்ளை வந்தால் கோபோல், சிவப்பு வந்தால் பேசிக்.

அன்று பொட்டலம் மடித்தவன் நான். இரண்டிலும் செவ்வரளியையே வைத்தேன்.

இரண்டு வருடம் பேசிக் நடத்தினோம். வகுப்பிலேயே கெட்டிக்காரி அந்த நெசவுக்காரரின் மகள் மல்லிகா. பெங்களூருக்கு இன்டர்வியூவுக்குப் போனவள், திரும்பி வந்து பஸ்ஸை விட்டு இறங்கியதும் நேராக சென்டருக்குத்தான் வந்தாள். "கோபோல் தெரியுமான்னு கேட்டாங்க சார். தெரியாதுன்னேன். சரி போம்மான்னுட்டாங்க." அவள் அழவில்லை. சார்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மற்றவர்களும் அப்படியே திரும்பினார்கள். சார் சைக்கிளை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனார். வெண்ணந்தூருக்கு நானும் கூடப் போனேன். தறியை விட்டு எழுந்து வந்த மல்லிகாவின் தந்தை, "உங்க மேல என்னங்க தப்பு? பூ அப்படி வந்துச்சு" என்றார். "ஆத்தா மேல பழி போடாதீங்க. பாடம் வெச்சது நான். உங்க புள்ள பொழப்பைக் கெடுத்தது நாந்தேன்" என்று சார் கைகூப்பினார். பக்கத்தில் நின்ற நான் சைக்கிளைத் திருப்பி நிறுத்தினேன்.

அதன்பின் அந்த வயதில் புத்தகம் வாங்கி வைத்துக்கொண்டு கோபோல் படித்தார். பழைய மாணவர்களுக்கெல்லாம் கார்டு போட்டார்: வாருங்கள், புதிதாகத் தொடங்குவோம். ஒருவரும் வரவில்லை. மல்லிகாவைத் தறிக்காரர் வீட்டிலேயே கட்டிக் கொடுத்திருந்தார்கள். சென்டரை மூடினோம்.

போன மாதம் அவரைச் சேலம் ஆஸ்பத்திரியில் பார்த்தேன். சொல்லிவிடுவதென்று முடிவு செய்துதான் போனேன். "அந்தப் புள்ள மல்லிகாவுக்கு ஏதாச்சும் வேலை கெடச்சுதுங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். கண்ணை மூடிக்கொண்டார். எதையோ பேசிவிட்டுக் கோழை மாதிரி எழுந்து வந்தேன்.

அவரிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது இந்தப் பழி ஒன்றுதான். தன்னுடையது என்று நம்பி, சாகிற வரை அவர் சுமந்தார். இதைச் சொல்வதால் யாருக்கும் வேலை கிடைக்கப் போவதில்லை. ஆனாலும் மல்லிகா, இது உன் கைக்கு வந்தால் ஒன்றை மட்டும் தெரிந்துகொள். சார் உனக்குக் கோபோல்தான் சொல்லித்தர இருந்தார்.