‘எடுக்கும்’ என்று எழுதினேன்

அந்தப் புதன்கிழமை காலை பத்து மணிக்குப் போன் வந்தது. பேசியவர் மதுரை சிம்மக்கல்லில் மோட்டார் உதிரிபாகக் கடை வைத்திருக்கிறார். வியாபாரத்துக்கு நடுவே பல வருடங்களாக ஒரு ரத்ததானக் குழுவையும் நடத்தி வருகிறார். அவர் பதறிப் பேசி அதுவரை நான் கேட்டதே இல்லை.

"தங்கச்சி, லிஸ்ட்டுல ஆளுகளக் காணோம். ஓ நெகட்டிவ்ல ஆறு பேர் இருந்தாங்க, இப்ப ரெண்டு பேருதான் காட்டுது. ஒருத்தரு சென்னையில இருக்காரு, இன்னொருத்தரு போனே எடுக்கல. பிரசவக் கேசு, மத்தியானத்துக்குள்ள ரத்தம் வேணுங்கறாங்க."

"பாத்துட்டுக் கூப்பிடுறேண்ணே" என்றேன்.

அவருடைய குழு பயன்படுத்துவது எங்கள் கம்பெனியின் செயலி. தமிழில் சொன்னால் போதும், உள்ளே இருக்கும் ஏஐ ஏஜென்ட் வேலையைச் செய்துவிடும். அதன் கையில் சில கருவிகள் உண்டு. பெயர் சேர்க்க ஒன்று, செய்தி அனுப்ப ஒன்று, நீக்க ஒன்று. ஒவ்வொன்றும் என்ன செய்யும் என்று ஓரிரு வரிகளில் விளக்கம் இருக்கும். அதைப் படித்துத்தான் எந்தக் கருவியை எடுப்பது என்று ஏஜென்ட் முடிவு செய்யும். அந்த வரிகளை எழுதுவது என் வேலை. கோச்சடையில் வீட்டிலிருந்தே எழுதுகிறேன். அதற்கு முன்பு கிரைண்டருக்கும் மிக்ஸிக்கும் கையேடு எழுதிக்கொண்டிருந்தேன்.

ஏஜென்ட்டின் பேச்சும் செயலும் பதிவாகும் பதிவேட்டைத் திறந்து பின்னோக்கிப் போனேன். ஒரு மாதத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை ரத்ததான முகாம். அதற்கு இரண்டு நாள் முன்பு அவர் ஏஜென்ட்டிடம் சொல்லியிருக்கிறார்: "ஞாயித்துக்கிழமை வர முடியாதுன்னவங்கள எடுத்துரு." முகாம் செய்தி அவர்களுக்குப் போக வேண்டாம் என்பதுதான் அவர் எண்ணம். ஏஜென்ட், நீக்கும் கருவியைத் தேர்ந்தெடுத்திருக்கிறது. ‘முப்பத்தொரு பேரை எடுத்துவிடட்டுமா?’ என்று கேட்கவும் செய்திருக்கிறது. அவர் ‘ஆமா’ என்று சொல்லியிருக்கிறார். பெயர், போன் நம்பர், ரத்த வகை எல்லாம் அத்தோடு போயின.

கருவிக்கு நான் எழுதியிருந்த விளக்கம் இது: ‘பட்டியலிலிருந்து உறுப்பினர்களை எடுக்கும்.’

முதலில் ‘நிரந்தரமாக அழிக்கும்’ என்றுதான் எழுதினேன். படித்தபோது மிரட்டுவது போல இருந்தது. ஜனங்கள் பேசுகிற மாதிரி இருக்கட்டும் என்று மாற்றினேன். மாற்றியதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட.

எங்கள் பொறியாளரை அழைத்தேன். என்னைவிட இளையவர்.

"அந்த நீக்கற கருவிய இப்பவே நிறுத்துங்க. எல்லாக் குழுவுக்கும். அப்புறம் இந்த முப்பத்தொரு பேரைத் திருப்பிக் கொண்டுவர முடியுமா?"

நிறுத்திவிட்டு மறுபடி லைனுக்கு வந்து சொன்னார்: "பேக்கப் ரெண்டு வாரத்துக்குத்தான்க்கா இருக்கும். இது ஒரு மாசமாச்சு."

உட்கார முடியவில்லை. கூடத்தில் நாலு தடவை நடந்தேன். பிறகு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு சிம்மக்கல் போனேன். கடைக்காரர் கல்லாவில் நின்றபடி இரண்டு போனிலும் மாறி மாறிப் பேசிக்கொண்டிருந்தார்.

"நான் எழுதினதுலதாண்ணே தப்பு" என்றேன்.

"அத அப்புறம் பேசுவோம். தெப்பக்குளத்துகிட்ட டிரைவிங் ஸ்கூல் வச்சிருக்கவரு ஓ நெகட்டிவ்தான். நம்பரு எங்கிட்ட இல்ல. ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வாரீகளா?"

வண்டியூர் தெப்பக்குளம் போய்ச் சேர்ந்தபோது டிரைவிங் ஸ்கூல் அலுவலகத்தில் ஒரு பெண் மட்டும் இருந்தார். "சார் கிளாஸ் எடுக்கப் போயிருக்காரு. போன் இங்கதான் சார்ஜ்ல கெடக்கு" என்றார். தெப்பக்குளத்தைச் சுற்றிச் சுற்றி வந்தேன். ‘எல்’ போட்ட ஒவ்வொரு காரையும் எட்டிப் பார்த்தேன். மூன்றாவது சுற்றில் அந்தப் பள்ளியின் பெயர் எழுதிய கார் ஊர்ந்து வந்தது. ஓட்டியவர் ஒரு நடுத்தர வயது அம்மா. நான் குறுக்கே போய்க் கையை நீட்டினேன். கார் குலுங்கி நின்றது.

"அறிவிருக்காம்மா ஒனக்கு?" என்று கேட்டபடி பக்கத்து இருக்கையிலிருந்து இறங்கினார் டிரைவிங் ஸ்கூல்காரர். சொன்னேன். முழுதாகக் கேட்கக்கூட இல்லை. "எந்த ஆஸ்பத்திரி?" என்றார். அந்த அம்மாவைப் பக்கத்தில் உட்காரச் சொல்லிவிட்டுத் தானே ஓட்டிக்கொண்டு போனார்.

ஒரு யூனிட் அவர் கொடுத்தார். இன்னொன்று வேறொரு ரத்த வங்கியிலிருந்து வந்தது. சாயங்காலம் தாயும் பிள்ளையும் நலம் என்று செய்தி வந்தது. அன்று அடுப்பில் வைத்த பாலைக் கவனிக்காமல் இரண்டு முறை பொங்கவிட்டேன்.

மறுநாள் கருவியை இரண்டாகப் பிரித்தோம். ஒரு நிகழ்ச்சிக்கு மட்டும் ஆட்களை விலக்கி வைக்க ஒன்று. அடியோடு அழிக்க இன்னொன்று; அதற்கு இப்படி எழுதினேன்: ‘உறுப்பினரின் பெயர், போன் நம்பர், ரத்த வகை அனைத்தையும் நிரந்தரமாக அழிக்கும். திரும்பப் பெற முடியாது. ஒருவர் இனி குழுவிலேயே வேண்டாம் என்று தெளிவாகச் சொன்னால் மட்டும் பயன்படுத்து. வர முடியாது, ஊரில் இல்லை, காய்ச்சல் என்றால் இதைத் தொடாதே. விலக்கும் கருவியைப் பயன்படுத்து. எதுவென்று சந்தேகம் வந்தால் கேள். அழிக்கும் முன் எல்லாப் பெயர்களையும் காட்டி, அழிந்தால் திரும்பாது என்று சொல்லி, சம்மதம் வாங்கு.’

பொறியாளரும் நானும் போலிப் பெயர்களை வைத்து, மதுரையில் என்னென்ன விதமாகச் சொல்வார்களோ அத்தனையும் சொல்லிப் பார்த்தோம். தூக்கிரு, கழிச்சு விடு, விட்டுரு, வேணாம். ‘தூக்கிரு’ என்றதும் ஏஜென்ட் மறுபடியும் அழிக்கும் கருவிக்கே போனது. பேச்சு வழக்கில் இந்தச் சொற்கள் விலக்குவது, அழிப்பது இரண்டுக்கும் பொருந்தும் என்று இன்னொரு வரி சேர்த்த பிறகுதான், எதைச் செய்ய என்று கேட்டது. கருவியை எல்லாக் குழுவுக்கும் மறுபடி திறந்துவிட்ட பிறகும் ஒரு வாரம் மணிக்கொரு தரம் பதிவேட்டைப் பார்த்தபடி இருந்தேன்.

சனிக்கிழமைகளில் சிம்மக்கல் கடைக்குப் போய், விட்டுப்போனவர்களை அவரோடு சேர்ந்து தேடினேன். பழைய முகாம் படங்களைப் பார்த்து, இவரைத் தெரியுமா என்று ஒருவர் மூலம் இன்னொருவரைப் பிடித்தோம். பத்தொன்பது பேர் கிடைத்தார்கள். பன்னிரண்டு பேர் கிடைக்கவில்லை.

அந்தப் பத்தொன்பது பேரில் ஒருவர், ஐம்பது வயது மதிக்கத்தக்கவர், ஒரு சனிக்கிழமை தானாகவே கடைக்கு வந்தார். பஸ் கண்டக்டர், யூனிஃபார்மில் இருந்தார். உள்ளே வராமல் படியிலேயே நின்று கேட்டார்:

"ஏண்ணே, இப்பல்லாம் எனக்கு மெசேஜே வர்றதில்ல? வயசாயிருச்சுன்னு வேணாம்னுட்டீகளோ?"

கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் எழுந்து போய் நடந்ததைச் சொன்னேன். அவருக்கு எவ்வளவு புரிந்ததோ தெரியவில்லை. "அப்ப வேணாம்னு சொல்லலைல்ல?" என்று மட்டும் இன்னொரு முறை கேட்டுக்கொண்டார். நம்பரை அவர் சொல்லச் சொல்லப் பதிந்தேன். பிறகு ஒவ்வொரு எண்ணாக அவருக்குப் படித்துக் காட்டினேன்.