மல்லாட்டைக்குள் விழுந்த லாக்கு

எரிந்த இன்ஜின் ஆயில் வாடையும் மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் பச்சை வேர்க்கடலையின் மண்வாடையும் ஒன்றாகக் கலந்து எங்காவது மூக்கில் ஏறினால், இன்றைக்கும் எனக்கு முதலில் வருவது அப்பாமேல் கோபம்தான். செத்துப்போனவர்மேல் என்ன கோபம் என்று கேட்பவர்கள் அவரோடு ஒரே வீட்டில் இருந்து பார்த்திருக்கவேண்டும்.

எண்பதுகளில், விக்கிரவாண்டியிலிருந்து உள்ளே தள்ளியிருந்த எங்கள் ஊரில் கார் வைத்திருந்தது நாங்கள் மட்டும்தான். யார் யாரோ ஓட்டித் தேய்த்த பழைய கார். கிளப்பினால் பின்னாலிருந்து நீலப்புகை குபுகுபுவென்று வந்து தெருவையே மறைக்கும். அம்மாவுக்குப் பிறந்த வீடு திண்டிவனம். ஒரு காதுகுத்துக்கு அங்கே போய் இறங்கியபோது அம்மாவின் அண்ணன், எங்கள் பெரிய மாமா, வாசலில் நின்றுகொண்டு, "இன்னா மாப்ள, செங்கல் சூளையயே ஓட்டிக்கினு வந்துட்டீங்களா?" என்று கேட்டுவிட்டார். கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். அப்பா சட்டையை உதறிக்கொண்டு உள்ளே போனார். பந்தியில் உட்கார்ந்து பாதி சாப்பிட்டவர், சாம்பார் சோறோடு இலையைச் சுருட்டி மாமாவின் வேட்டிமேல் எறிந்தார். மாமா கையை ஓங்க, அம்மா நடுவில் புகுந்து இரண்டு பேர் காலிலும் விழுந்து அழுதாள்.

அதற்குப் பிறகுதான் சின்ன மாமாவின் கல்யாணம் வந்தது. தாலியில் மாப்பிள்ளை போடுவது ஒரு முடிச்சு, மற்ற இரண்டும் நாத்தனார் முடிச்சு. அந்த வீட்டில் பெண்ணென்று பிறந்தவள் அம்மா ஒருத்திதான், அவள் போயே ஆகவேண்டும். அப்பாவும் வருவேன் என்றார், எப்படி என்பதையும் சொன்னார். "பஸ்ஸுல போயி எறங்கறதுக்கா காரு வாங்கனேன்? பொகையே இல்லாம போயி நிப்பாட்டறேன். அப்பறம் பந்தல்லயே வெச்சி உங்க அண்ணன நாலு கேள்வி கேக்கறேன், பாரு." அம்மாவுக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை.

விழுப்புரத்தில் யாரோ 'வால்வு சீல்' போனால்தான் நீலப்புகை வரும் என்று சொல்ல, அப்பா ஒரு கைப்பிடி ரப்பர் சீல்களை வாங்கிவந்தார். மெக்கானிக்கிடம் விடமாட்டார், "எல்லாம் களவாணிப் பசங்க." கல்யாணத்துக்கு முந்தின நாள் விடிந்ததும் வாசலில் காரைத் திறந்துபோட்டார். துருவேறிய பிளக் ஒன்று கழற்ற வராமல் அவர் விரலைக் கிழித்தது. ஸ்பிரிங்கைக் கழற்றும்போது வால்வு உள்ளே விழாமலிருக்க, பிளக் ஓட்டை வழியே கயிற்றைத் திணிக்கவேண்டுமாம். அதற்கு அவர் அறுத்தது அம்மாவின் கொடிக்கயிறு. கல்யாணத்துக்கென்று துவைத்துப்போட்டிருந்த என் பாவாடை புழுதியில் விழுந்தது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், அப்பாவுக்கு அன்று கூடம், வெயில், அம்மா, அம்மாவின் பரம்பரை எல்லாமே கோணல்.

கடைசி வால்வுக்கு வந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. ஸ்பிரிங்கைப் பிடித்துக்கொண்டிருப்பது நகத்தளவே உள்ள இரண்டு இரும்புத் துண்டுகள், அதைத்தான் 'லாக்கு' என்பார்கள், ஒன்று குறைந்தாலும் இன்ஜினை மூட முடியாது. மேலே ஸ்பேனரை வைத்துச் சுத்தியலால் ஓங்கி ஒரு போடு போட்டார். ஒரு துண்டு இன்ஜின் மேலேயே விழுந்தது. இன்னொன்று எகிறி, வாசல் முழுக்கக் காயப்போட்டிருந்த மல்லாட்டைக்குள் போய்விட்டது.

"எவடீ வாசல்ல மல்லாட்டைய கொட்டனவ?"

"நீங்கதாங்க கொட்டச் சொன்னீங்க" என்றாள் அம்மா.

அப்பா கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்து திட்டிக்கொண்டிருக்க, நானும் அம்மாவும் மல்லாட்டையை முறத்தில் அள்ளி அள்ளிப் புடைத்தோம். "அது கண்ணா, புண்ணா? ஜல்தியா தேடுங்கடி." வெளிச்சம் மங்கும் நேரத்தில் அம்மாவின் முறத்தில், மண்ணுக்கும் சருகுக்கும் நடுவில் அது கிடந்ததை நான் பார்த்தேன். அம்மாவும் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். இரண்டு விரலால் அதை எடுத்து இடுப்பிலிருந்த சுருக்குப்பையில் போட்டுக்கொண்டு மறுபடி புடைக்கத் தொடங்கினாள்.

"கெடச்சிதா?"

"இல்லீங்க."

நானும் குனிந்து என் முறத்தைப் புடைத்தேன். எனக்குள் பொங்கியது சந்தோஷம், வேறொன்றுமில்லை.

விடியற்காலையில் அம்மா கிளம்பி நின்றாள். வண்டி இல்லாமல் யாரும் போகவேண்டாம் என்றார் அப்பா. "முடிச்சு போட நான் போயே ஆவணுங்க" என்றாள். "போறவ அப்டியே போயிடு, திரும்பி வராத." அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். விக்கிரவாண்டியில் முதல் பஸ்ஸைப் பிடித்தோம்.

பந்தலில் அம்மா இரண்டு முடிச்சையும் நிதானமாகப் போட்டாள். "மாப்ள வரலியா?" என்று பெரிய மாமா கேட்டார். "வண்டி ரிப்பேருண்ணா." மாமா ஏதோ சொல்ல வாயெடுத்தார், அம்மா பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார். எல்லோரும் உட்கார்ந்து ஒழுங்காகச் சாப்பிட்டோம். யார் வேட்டியிலும் சாம்பார் தெறிக்கவில்லை.

அன்று ராத்திரியே வீடு திரும்பினோம். மறுநாள் காலையில் வாசலைப் பெருக்கும்போது அம்மா அந்த லாக்கை முன்சக்கரத்தோரம் போட்டுவிட்டாள். அப்பா கண்டெடுத்தார். "பொம்பளைங்க கண்ணுக்கு எங்கே தெரியப்போவுது" என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். இன்ஜினை மூடிக் கிளப்பினார். அதே நீலப்புகை. கடைசியில் ஒரு மெக்கானிக்கிடம்தான் போகவேண்டியிருந்தது. தேய்ந்திருந்தது 'பிஸ்டன் ரிங்' என்று அவர் சொன்னார், அதற்கும் அப்பா அவரையே திட்டினார்.

இன்று அந்த வாசல் அகலப்படுத்திய ரோட்டுக்கடியில் கிடக்கிறது. காரை எடைக்குப் போட்டாயிற்று. கேலி பேச மாமாவும் இல்லை, இலையை எறிய அப்பாவும் இல்லை. மிச்சமிருப்பது அம்மாவும் நானும் என் கோபமும். போன மாதம் அவளோடு உட்கார்ந்து மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தபோது கேட்டேன், அவ்வளவு திட்டு வாங்கிக்கொண்டு ஏன் சும்மா இருந்தாய், கிடைத்துவிட்டது என்று சொல்லியிருந்தால் அவர் வாயாவது மூடியிருக்குமே என்று.

அம்மா மல்லாட்டைத் தோலை ஊதித் தள்ளிவிட்டுச் சொன்னாள்: "சொல்லியிருந்தா வண்டி ஓடியிருக்குமேடி."