தொட்டில் மரம்: சேலத்திலிருந்து எழுபது கிலோமீட்டர்

இந்த வலைப்பூவில் இரண்டு வருடமாகப் பதிவே இல்லை. ஏன் என்று கேட்டு எழுதியவர்களுக்கெல்லாம் "வேலை அதிகம்" என்று பதில் போட்டேன். சுத்தப் பொய். சேலத்தில் ஒரு குழந்தையின்மை சிகிச்சை மையத்துக்கும் அம்மாப்பேட்டையில் இருக்கும் எங்கள் வீட்டுக்குமாக அலைந்துகொண்டிருந்தேன். நாலு கிலோமீட்டர், ஷேர் ஆட்டோவில் இருபது ரூபாய். அதை யார் பயணக் கட்டுரை என்று படிப்பார்கள்?

எனக்கு வயது முப்பத்தேழு. கல்யாணமாகி எட்டு வருடம். இரண்டு முறை கரு வைத்தார்கள், இரண்டு முறையும் தங்கவில்லை. மூன்றாவதாக ஒன்றே ஒன்று மிச்சம், அதை அங்கே உறைய வைத்திருக்கிறார்கள். பொங்கல் முடிந்த வாரம் மையத்திலிருந்து நர்ஸ் போன் செய்தார். "திங்கக்கெழமைக்குள்ள சொல்லிடுங்க மேடம். இந்த மாசம் வச்சிடலாமா, இல்ல இன்னும் ஒரு வருஷம் அப்படியே இருக்கட்டுமா?"

கேள்வி சின்னதுதான். ஆனால் அது பெட்டியில் இருக்கும்வரை எனக்கு ஒரு பிடிமானம் இருந்தது. அதையும் வைத்து, அதுவும் போய்விட்டால், அப்புறம் சொல்லிக்கொள்ள என்ன இருக்கிறது? இதைவிட மோசமான ஒரு சந்தேகமும் உள்ளே அரித்துக்கொண்டிருந்தது. இத்தனை ஊசிக்குப் பிறகு, குழந்தை வேண்டும் என்பதே மருந்துச் சீட்டில் எழுதிக் கொடுத்த வேலை மாதிரி ஆகிவிட்டது. நிஜமாகவே எனக்கு வேண்டுமா, இல்லை எல்லோரும் கேட்கிறார்கள் என்று செய்கிறேனா? இது எனக்கே தெரியவில்லை. வேண்டுமா என்றே தெரியாதவள் எப்படி நல்ல அம்மாவாக இருப்பாள் என்று வேறு யோசனை.

என் கணவர் செந்தில் வெண்ணந்தூர்க்காரர். அவருடைய அம்மா இரண்டு வருடமாக ஒரே பாட்டு: "சேந்தமங்கலத்துக்கு அந்தாண்ட தொட்டில் மரம் இருக்குது, ஒரு எட்டு போயிட்டு வந்துருங்களேன்." இந்த முறை நான் சரி என்றேன், ஒரு நிபந்தனையோடு. இது வேண்டுதல் இல்லை. எனக்கு ஊர் சுற்றி நாளாகிவிட்டது, கொல்லிமலையை அடிவாரத்திலிருந்து பார்க்க வேண்டும், வலைப்பூவுக்கு ஒரு பதிவு தேற்ற வேண்டும். தொட்டில் கட்டுவது அத்தைக்காக மட்டும். செந்தில் எதற்கும் தலையாட்டுகிற ஆள், இதற்கும் ஆட்டினார்.

தை மாதம், ஞாயிற்றுக்கிழமை. சேலம் புது பஸ் ஸ்டாண்டில் காலை 6.40க்கு நாமக்கல் பஸ் ஏறினோம். 53 கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரம், ஆளுக்கு ஐம்பது ரூபாய். ஜன்னலோரம் கிடைத்தது. தைக் காலையில் அந்தக் காற்று முகத்தில் அடிக்கும் சுகம் இருக்கிறதே, அதற்காகவே போகலாம். ராசிபுரம் தாண்டியதும் இரண்டு பக்கமும் குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளிக் காடு, நடுநடுவே கோழிப்பண்ணைகளின் நீளக் கூரைகள். மூக்கைக் கொஞ்சம் பொத்திக்கொள்ள வேண்டியிருக்கும். பழகிவிடும்.

நாமக்கல்லில் டிபன். நான் முட்டை தோசை சொன்னேன். "கோயிலுக்குப் போறப்ப முட்டையா?" என்றார் செந்தில். "நாமக்கல்லுக்கு வந்து முட்டை சாப்பிடலைன்னாதான் சாமி குத்தம். நான் சுத்திப் பாக்க வந்தவ, கட்டப் போறது நீங்க" என்றேன். அவர் இரண்டு இட்லியோடு நிறுத்திக்கொண்டார். இரண்டு பேருக்கும் சேர்த்து 130 ரூபாய். சாம்பாரைவிடத் தக்காளிச் சட்னி நன்றாக இருந்தது.

அங்கிருந்து சேந்தமங்கலம் 11 கிலோமீட்டர். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை, அவருக்கு மட்டும் பத்து ரூபாய். அரை மணி நேரத்தில் இறக்கிவிட்டார்கள். இறங்கி நிமிர்ந்தால் எதிரே கொல்லிமலை, பாதி வானத்தை அடைத்துக்கொண்டு. எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறி மேலே போனவர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள். கீழே நின்று அண்ணாந்து பார்ப்பதும் ஒரு அழகுதான், தலையும் சுற்றாது.

அங்கிருந்து மரத்துக்கு ஆறு கிலோமீட்டர், ஆட்டோதான். நடுத்தர வயது டிரைவர், காதில் துளசி இலை செருகியிருந்தார். தொட்டில் மரம் என்றதும் கேட்டார்:

"ஏனுங்க, கட்டறதுக்குங்களா, அவுக்கறதுக்குங்களா?"

"சும்மா பாக்கறதுக்குங்க" என்றேன்.

"பாக்கறதுக்கு ஆருங்க இவ்வளவு தூரம் வாராங்க" என்றபடி வண்டியைக் கிளப்பினார். கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்துவிட்டு அதற்கப்புறம் பாக்குத் தோப்பு, போர் தண்ணி, மகளின் பாலிடெக்னிக் என்று நல்ல பிள்ளையாகப் பேச்சை மாற்றிக்கொண்டார். போகவர, அங்கே ஒரு மணி நேரம் காத்திருக்க, எல்லாம் சேர்த்து 350 ரூபாய். கடைசி இரண்டு கிலோமீட்டர் ரோடு படுமோசம்.

கோயில் சின்னது. தகரக் கூரை போட்ட அம்மன் சந்நிதி, முன்னால் ஒரு பெரிய வேப்ப மரம். அதன் கிளை தெரியாத அளவுக்குத் தொட்டில்கள். உள்ளங்கை அகலத்தில் மரத்தால் செய்தவை, மஞ்சள் கயிற்றில் தொங்குகின்றன. காற்றடிக்கும்போது ஒன்றோடொன்று தட்டிக்கொள்கின்றன. நான் பத்துப் பதினைந்து இருக்கும் என்று நினைத்துப் போனேன். நூற்றுக்கணக்கில் இருந்தன. இத்தனை பேரா என்று முதலில் திகைப்பாக இருந்தது. அப்புறம், வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

மரத்தடியில் தொட்டில் விற்பவர் பெயர் செல்வி. என் வயதுதான் இருக்கும். நைட்டி மேல் துண்டு போட்டுக்கொண்டு, குடைக்குக் கீழே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தொட்டில் அறுபது ரூபாய், கயிறு அதிலேயே வரும்.

"லேசா ஒரு சுருக்குப் போட்டாப் போதுங்க. இறுக்கிப் போடாதீங்க. கொழந்தை பொறந்ததும் தூக்கிட்டு வந்து அவுக்கோணும்" என்றார்.

செந்திலுக்குக் கிளை எட்டியது, ஆனால் கயிறு நழுவிக்கொண்டே இருந்தது. பொறுமை போய் நான் வாங்கிக் கட்டினேன். கட்டி முடித்து, மிச்சமிருந்த கயிற்று நுனியைப் பல்லால் கடித்துத் துப்பினேன். துப்பிய பிறகுதான் என்ன செய்தேன் என்றே உறைத்தது. தறியில் இழை அறுந்தால் போடுகிற முடிச்சைப் போட்டிருக்கிறேன்.

அப்பா அம்மாப்பேட்டையில் தறி வைத்திருந்தார். பள்ளிக்கூட லீவெல்லாம் அறுந்த இழை முடிவதுதான் என் வேலை. அந்த முடிச்சு மிளகைவிடச் சிறியது, இழுக்க இழுக்க இறுகும். நுனியையும் கடித்துவிட்டால் அவிழ்க்கப் பிடியே கிடையாது. நான் யோசித்துப் போடவில்லை, விரல் தானாகப் போட்டுவிட்டது. செந்தில் வீட்டிலும் தறிதான். பார்த்ததுமே கண்டுபிடித்துவிட்டார்.

"அடிப்பாவி, கயிறு அறுந்தாலும் இது அவுராதே" என்று சிரிக்க ஆரம்பித்தவர் என்னைப் பார்த்து நிறுத்தினார். கொண்டை ஊசியை விட்டு நெம்பினேன், நகத்தால் கிள்ளினேன். அசையவில்லை. வேண்டுதல் இல்லை, சுற்றிப் பார்க்க வந்தவள் என்று காலையிலிருந்து வாய் கிழியப் பேசியவள் அங்கே நின்று வியர்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போது ஒரு வேன் வந்தது. சின்ன வயதுத் தம்பதி, கையில் மொட்டை அடித்துச் சந்தனம் பூசிய குழந்தை, கூட நாலைந்து சொந்தக்காரர்கள். அவிழ்க்க வந்திருக்கிறார்கள். தாங்கள் கட்டியது எது என்று தேடினார்கள், கண்டுபிடிக்க முடியவில்லை. செல்வி உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னார்: "அதெங்க இருக்கப் போவுதுங்க, மழைக்குக் கெளை முறியுதுன்னு பாதிய வெட்டிப்புட்டாங்க. எதையோ ஒன்ன அவுத்துக்குங்க, சாமிக்குக் கணக்கு ஒன்னுதான்."

அந்தப் பெண் மரத்தைச் சுற்றி வந்தாள். இருப்பதில் புதுசாக, மஞ்சள் மங்காமல், கைக்கு எட்டுகிற மாதிரி ஒன்று தொங்கியது. கையை நீட்டிப் பிடித்தாள்.

"அது என்னுது" என்று கத்திவிட்டேன்.

சும்மா சொல்லவில்லை, கத்தினேன். வேனில் இருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். ஆட்டோக்காரர் பீடியைக் கீழே போட்டார். அந்தப் பெண் பயந்துபோய்க் கையை எடுத்துவிட்டாள். எனக்கு முகமெல்லாம் சூடாகி, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இத்தனை வருடத்தில் டாக்டரிடம், மாமியாரிடம், செந்திலிடம்கூட நான் அந்தக் குரலில் எதையும் கேட்டதில்லை. அது என்னுடையது. எனக்கு வேண்டும். அறுபது ரூபாய்த் தொட்டிலை இன்னொருத்தி தொட்டதும் உடம்பு முழுக்க அதைத்தான் சொன்னது.

"ஏங்க்கா, தெரியாமத் தொட்டுட்டனுங்க" என்றாள் அந்தப் பெண்.

"இல்லம்மா, நான்தான். இப்பதான் கட்டினேன்" என்று உளறினேன். பரிகாரமாக வேறொன்றை நானே தேடிக் கொடுத்தேன். பழைய கயிறு, மழையில் இறுகிப் போயிருந்தது. அவளுடைய கணவனால் முடியவில்லை. நான் கொண்டை ஊசியால் நெம்பி இரண்டு நிமிடத்தில் அவிழ்த்தேன். அவள் அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு எவர்சில்வர் தூக்கிலிருந்து சக்கரைப் பொங்கல் எடுத்து எங்கள் இரண்டு பேர் கையிலும் வைத்தாள். முந்திரி தாராளம்.

வேன் போன பிறகு செல்வியிடம் போய் உட்கார்ந்தேன். கொய்யாக்காய் அறுத்து மிளகாய்த்தூள் போட்டுத் தின்றுகொண்டிருந்தார், பாதியை எனக்குத் தந்தார். பேச்சுவாக்கில், என்னிடம் எந்தக் கேள்வியைக் கேட்டால் நான் எழுந்து போய்விடுவேனோ அதே கேள்வியை அவரிடம் கேட்டுத் தொலைத்தேன்.

"உங்களுக்கு எத்தனை குழந்தைங்க?"

"எனக்கு இல்லீங்க" என்றார், கொய்யாவை மென்றுகொண்டே. "அந்த மூணாவது கெளையில செகப்பு ரிப்பன் கட்டினது இருக்குது பாருங்க, அது என்னுதுதான். பதனோரு வருசமாச்சு. அத மட்டும் வெட்ட உடமாட்டேன்."

அந்தக் கிளையை நிமிர்ந்து பார்த்துவிட்டுக் கேட்டேன்: "கஷ்டமா இல்லீங்களா?"

"இருந்துச்சுங்க, இல்லாம என்ன. இப்பவும் ஒருக்கா ஒருக்கா இருக்கும். அதுக்காவ நாயித்துக்கெழம யாவாரத்த உட முடியுங்களா?" அதற்குள் அவருடைய போன் அடித்தது. வீட்டுக்காரர். "கொழம்பு எங்க? வெறுஞ்சோத்தக் குடுத்துவுட்டு என்னத்த சாப்பிடறது?" என்று செல்வி அவரைப் பிடி பிடி என்று பிடித்தார். அந்தப் பக்கம் என்ன சொன்னாரோ, சட்டென்று வயிறு குலுங்கச் சிரித்தார்.

எட்டு வருடமாக நான் பயந்தது இந்தப் பெண்ணாக ஆகிவிடுவோமோ என்றுதான். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால், என் வயது, உறைப்பான கொய்யா, வாய் கொள்ளாத சிரிப்பு. நான் அவரைப் பரிதாபமாகப் பார்க்கவில்லை. அவரோடு இன்னும் ஒரு மணி நேரம் உட்கார முடிந்தால் நன்றாக இருக்கும் என்றுதான் தோன்றியது. ஆட்டோக்காரர் ஹாரன் அடித்துவிட்டார்.

திரும்பும்போது நாமக்கல்லிலிருந்து 2.15 பஸ். ராசிபுரம் வரும் வரை செந்தில் ஒன்றும் கேட்கவில்லை. நானே சொன்னேன்: "வச்சிடலாங்க, இந்த மாசமே."

"பயமில்லையா?"

"இருக்கு. ஆனா எனக்கு வேணும்."

அவர் என் கையைப் பிடித்தபடி தூங்கிப்போனார். இடையில் தலை என் தோளில் இடித்துக்கொண்டே வந்தது. திங்கள் காலை 9.10க்கு நர்ஸுக்குப் போன் செய்தேன். பேசியது ஒரு நிமிடம்கூட இல்லை.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். ஞாயிறும் செவ்வாயும்தான் தொட்டில் விற்பனை உண்டு. பத்து மணிக்குள் போய்விட்டால் நிழல் இருக்கும். கழிப்பறை கிடையாது, சேந்தமங்கலத்திலேயே முடித்துக்கொள்ளுங்கள். தண்ணீரும் அங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள். எங்கள் இருவருக்கும் மொத்தச் செலவு 760 ரூபாய். ஊசி, மருந்து நடுவில் இருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் அந்தக் கடைசி இரண்டு கிலோமீட்டரில் ஆட்டோ ஏற வேண்டாம். நம்பிக்கை இல்லாதவர்களும் போகலாம், மலை எல்லோருக்கும் ஒரே மாதிரிதான் தெரியும். கூட வருகிறவர் உங்களைக் கேள்வி கேட்காத ஆளாக இருந்தால் நல்லது.

இதை எழுதும் இன்று மாசி, கரு வைத்து ஒன்பதாவது நாள். காலையில் காபி கசந்தது. அது மாத்திரையாலும் இருக்கலாம். மதியம் தட்டுவடை செட் இரண்டு தட்டு தின்றேன், அதற்கு எந்த மாத்திரையும் காரணம் இல்லை. சந்தோஷமாகத்தான் இருக்கிறேன். வெள்ளிக்கிழமை ரத்தப் பரிசோதனை. கீழே கருத்துப் பெட்டியில் "என்ன, விசேஷமா?" என்று கேட்பவர்கள் தாராளமாகக் கேளுங்கள். இருந்தால் இருக்கிறது என்பேன், இல்லை என்றால் இல்லை என்பேன். எனக்கு ஆசையாக இருக்கிறது என்பதை மட்டும் வெள்ளிக்கிழமை வரை காத்திருக்காமல் இப்போதே சொல்லிவிடுகிறேன்.