தனலட்சுமி கேட்ட சாட்சி

கல்லிடைக்குறிச்சியில் என் பக்கத்து வீட்டுத் தனலட்சுமி அப்பளம் தேய்த்தே காலத்தை ஓட்டியவள். புருஷன் போய்ச் சேர்ந்தான். ஒரே மகன் மணிராஜ் திருப்பூருக்குப் போய்க் கல்யாணம் முடித்ததோடு தாயை மறந்தான். தோளைத் தூக்க முடியாமல் போனபோதுதான் முதியோர் பென்ஷனுக்கு மனுப் போட்டாள்.

அதற்குத் தெருவில் வந்து விசாரிப்பார்கள். பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று அக்கம்பக்கம் சொல்ல வேண்டும். அவள் கெட்ட நேரம், அன்று முன்னால் வந்து நின்றது புருஷனின் அண்ணன் பூதத்தான். வயசான காலத்தில் எவன் வாசலிலும் போய் நிற்கக் கூடாது என்றுதான் அரசாங்கம் அதைக் கொடுக்கிறது. அந்த மனுஷனுக்கோ அது குடும்ப மானக்கேடு. எங்கள் வீட்டுப் பொம்பளைக்கு அரசாங்கம் சோறு போடும் நிலைமை வரவில்லை, மகன் ராணி மாதிரி வைத்திருக்கிறான் என்று அளந்துவிட்டார். மனு தள்ளுபடி. பாவி, அவள் வயிற்றில் அடித்துத் தன் கௌரவத்தைக் காப்பாற்றிக்கொண்டார்.

தனலட்சுமி வலிக்கிற தோளோடு மறுபடி அப்பளக் குழவியைப் பிடித்தாள். அவரோடு பேச்சை நிறுத்தினாள். "ஒரு நா வரும்க்கா, அன்னைக்கு இருக்கு," என்பாள் என்னிடம்.

வந்தது. பூதத்தானின் மகன்கள் இரண்டு பேரும் வயலை எழுதி வாங்கிக்கொண்டு சென்னையில் கதவைச் சாத்திவிட்டார்கள். வெளியே சொல்வாரா? மகன்கள் மாதாமாதம் அனுப்புவதாகத் தெருவில் பீற்றிக்கொண்டே, கமுக்கமாகப் பென்ஷனுக்கு மனுப் போட்டிருந்தார். விசாரிக்க வந்த கிராம நிர்வாக அலுவலர் அனுராதா நேரே தனலட்சுமியிடம்தான் கேட்டாள்.

பூதத்தான் முகம் வெளுத்துப்போனது. அன்று அவர் சொன்னதை இவள் திருப்பிச் சொன்னால் போதும். ஏளா, சொல்லித் தொலை என்று எனக்கே வாய் வரை வந்துவிட்டது.

அவள் நடுத்தெருவுக்கு இறங்கினாள். "ரெண்டு மவனும் இருக்கானுவ மேடம். ஒருத்தனும் ஒரு வாய் கஞ்சி ஊத்தல. அடுத்த வீட்டு அடுப்பப் பாத்துக்கிட்டுக் கெடக்காரு. ஆதரவத்தவருன்னே எழுதுங்க."

கடைசி வீடு வரைக்கும் கேட்டிருக்கும். உண்மையா பெரியவரே என்று அனுராதா கேட்டாள். இல்லையென்றால் பென்ஷன் போச்சு. தலையை ஆட்டினார்.

தனலட்சுமி விடவில்லை. தானும் மறுபடி மனுக் கொடுத்திருப்பதாக அலுவலரிடம் சொல்லிவிட்டு அவர் பக்கம் திரும்பினாள்.

"இப்பம் எனக்கும் யாருமில்லன்னு சொல்லுங்க அத்தான்."

முனகினார். கேட்கவில்லை என்றாள். தெரு பார்க்க, சத்தமாகச் சொன்னார்.

இப்போது இருவருக்கும் பென்ஷன் வருகிறது. பேச்சையும் அவள் தொடங்கிவிட்டாள். பணம் வாங்கும் நாளில் வரிசையில் அவரைப் பார்த்ததும் நாலு பேர் காதில் விழக் கேட்பாள்:

"மவன் அனுப்பிட்டானா அத்தான்?"